கழுத்துப் பொத்தான்

6 ஜூலை 1981, திங்கள்

ஜாலான் புசாரில் ஜமால் முகம்மது பாய் கடைக்கு முப்பது பள்ளிச் சட்டைகளைத் தைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் பார்த்தது தங்கை அருள்ஜோதியின் கழுத்தை. பொத்தான் இல்லை. நூல் தொங்குகிறது.

"ஸ்கூல்ல வந்துச்சா?"

"தெரியலக்கா. மேத்ஸ் கிளாஸ் நடந்துச்சு. அப்புறம் பாத்தா எல்லாரும் என்னையே பாக்குறாங்க."

சிராங்கூன் ரோடு டாக்டர் சொன்னது மறக்கக் கூடாது: வலிப்பு என்றால் விழுந்து துடிப்பது மட்டுமல்ல. கண் திறந்தே இருக்கும். வாய் எதையோ மெல்லும். கூப்பிட்டால் கேட்காது, எழுந்துகூட நடப்பாள். பிறகு ஒன்றும் நினைவிருக்காது. ஜோதிக்கு விரல்கள் கழுத்துப் பொத்தானைத் திருகும்.

இந்த வருஷம் இது ஆறாவது பொத்தான். தேதிகளை இந்த நோட்டின் ஓரத்தில் குறித்து வருகிறேன். ஏன் குறிக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

8 ஜூலை

ஜோதி தலைவலியோடு நேற்று முழுக்கப் படுத்திருந்தாள். அம்மா சொல்ல, நான் இங்கிலீஷில் லீவு கடிதம் எழுதினேன் — வயிற்றுவலி என்று. போன தடவை பல்வலி. அப்பா படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

"ஃபிட்ஸ்னே எழுதிடட்டுமாம்மா?"

"வாய மூடு லா. பொம்பளப் புள்ள. ஒரு தடவ ஸ்கூல் ஃபைல்ல ஏறிட்டா, நாளைக்குக் கோயில்ல எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

ஐந்தாவது பொய்.

13 ஜூலை, திங்கள்

கொடியேற்றும்போது வரிசையை விட்டு நடந்திருக்கிறாள். தேசிய கீதம் பாடிக்கொண்டிருக்கும்போது. பிடித்த டீச்சரின் கையைத் தட்டிவிட்டாளாம். ரீசஸ் இடைவேளை வரை கொடிக்கம்பத்தடியில் வெயிலில் நிற்க வைத்தார்கள். போகிற பிள்ளைகள் எல்லாம், "ஏய், ஆடு மாதிரி என்னத்த லா மெல்லுற?"

அதை என்னிடம் சொல்லும்போது அவளும் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.

14 ஜூலை

பொத்தான் தைத்தேன். ஏழு.

16 ஜூலை

கடிதம் வந்துவிட்டது. திங்கட்கிழமை அப்பா வர வேண்டும். கீழ்ப்படியாமை, பொய்க் கடிதங்கள், வேண்டுமென்றே சீருடையைக் கெடுத்தல். பள்ளியிலிருந்து நீக்கலாமா என்று பேசப் போகிறார்கள்.

பொய்க் கடிதங்கள் என்னுடையவை.

வலிப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டலாம் என்றேன். அம்மா அதை இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். அப்பா எடுத்தார், நாலாகக் கிழித்தார். "ஒண்ணு ஏற்கனவே படிப்ப விட்டுட்டு வீட்ல இருக்கு. இதுவும் இருக்கட்டும்."

ஒண்ணு. நான்தான் அது.

ஜோதி என் தையல் மிஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கும் காலர் வைக்கச் சொல்லிக்குடுக்கா. வீட்ல இருக்குறது நல்லாத்தான இருக்கு?"

நான் மிஷினை வேகமாக மிதித்தேன்.

18 ஜூலை, சனி

அம்மா நொவேனா ஜெபத்துக்குப் போயிருக்கிறாள். அப்பாவை அழைத்திருப்பது, பள்ளியில் ஒழுங்கைக் கவனிக்கும் டிசிப்ளின் மிஸ்ட்ரஸ் மிசஸ் தில்லையம்பலம். என் காலத்திலும் அவர்தான். கேள்வி கேட்டால் எனக்கு வாயே வராது, அதற்காகப் பெஞ்சில் ஏற்றுவார். செகண்டரி டூவில், பதினாலு வயதில், ஒரு நாள் நான் போகவில்லை. அதன்பிறகு போகவே இல்லை. யாரும் ஏன் என்று கேட்கவுமில்லை.

19 ஜூலை

அப்பா போக மாட்டாராம். நான் போகிறேன். இந்த நோட்டும் வரும், வேறு சாட்சி இல்லை. என்னைப் பற்றி எழுதிய பக்கங்களைக் கிழிக்கப் பார்த்தேன். கிழித்தால் அந்தத் தேதிகளும் போய்விடும். பெஞ்சைப் பற்றி எழுதியதையும் மிஸ் படிப்பாரா?

22 ஜூலை, புதன்

இது புது நோட்டு. திங்கட்கிழமை மிசஸ் தில்லையம்பலத்தின் அறையில் நடந்தது:

"நீர் ஆம்ப்ரோஸின்ட மூத்த மகள் எல்லோ? அப்பா எங்க?"

"வரல மிஸ்."

"இந்தக் கடிதமெல்லாம் ஆர் எழுதினது?"

"நான்தான் மிஸ்."

"பொய் எண்டு தெரிஞ்சோ?"

தலையாட்டினேன். அவர் ஒரு உறையைக் கவிழ்த்தார். மேசையில் ஐந்து பொத்தான்கள். ஒவ்வொன்றையும் தேதி எழுதிய துண்டுத் தாளில் மடித்து வைத்திருந்தார்கள், அவள் வேண்டுமென்றே பிய்த்ததற்கு ஆதாரமாக.

நோட்டைத் திறந்து அவர் பக்கம் தள்ளினேன். அவர் விரல் ஓரத்துத் தேதிகளில் இறங்கியது. ஐந்தும் அதில் இருந்தன. பெஞ்சு பற்றிய பக்கத்தில் விரல் கொஞ்சம் நின்றது.

"ஃபிட்ஸ் மிஸ்" என்றேன். என் குரல் மாதிரியே இல்லை.

கண்ணாடியைக் கழற்றினார். "முந்தியே சொல்லியிருக்கலாம். இப்ப பிரின்சிபால், இப்பிடிப் பிள்ளையள வச்சிருக்க ஏலாது எண்டும் சொல்லலாம். விளங்குதோ? நோட்டு இங்க இருக்கட்டும்."

வீட்டில் அம்மா கேட்டது ஒன்றுதான்: "ஃபைல்ல ஏறிடுச்சா?"

அப்பா மூன்று நாளாக என்னிடம் பேசவில்லை. செய்தது சரியா?

31 ஜூலை

நீக்கவில்லை. ஆனால் ஜோதி இனிக் கொடியேற்றத்துக்கு இறங்கக் கூடாது. அந்த நேரம் மாடியில் வகுப்பறையிலேயே இருக்க வேண்டும். டாக்டரிடம் புதுத் தாள் வாங்கித் தர வேண்டும்.

"எல்லாரும் கீழ நிப்பாங்க. நான் மட்டும் மேல தனியாவாக்கா?"

அந்த மாடி எனக்குத் தெரியும். வராந்தாச் சுவர் என் இடுப்புக்குத்தான் வரும். அவள் எழுந்து நடந்தால்?

3 ஆகஸ்ட், திங்கள்

காலையிலிருந்து ஒரு சட்டைகூட உருப்படியாகத் தைக்கவில்லை.

இரண்டு மணிக்கு வந்தாள். கழுத்தில் பொத்தான் இல்லை, ஊக்கு குத்தியிருந்தது. யார் குத்தியது என்று அவளுக்குத் தெரியவில்லை. பாக்கெட்டில் கைவிட்டேன். பொத்தான் ஒரு துண்டுத் தாளில் மடித்திருந்தது. வழக்கம்போல் தேதி, அதன் கீழே:

7.40. இரண்டு நிமிடம்.

மிசஸ் தில்லையம்பலத்தின் கையெழுத்து. ஏழு நாற்பதுக்குப் பள்ளிக்கூடம் முழுக்கக் கீழே நின்று பாடிக்கொண்டிருக்கும்.

தாளை இந்தப் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் பொத்தானைத் தைத்தேன்.