நூற்றுப் பதினொரு மில்லிமீட்டர்

ஜூலை 8, திங்கள்

பயணிகள் படகின் சாய்வுச் சோதனை முடிந்தது. தளத்து இரும்பின் சூட்டில் முழங்கை கன்றிப்போயிருக்கிறது. இருபத்தைந்து கிலோ எடைக்கட்டிகள் இருபது. எங்கள் ப்ராஜெக்ட் குழுவில் நால்வர் அவற்றைப் படகின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தூக்கி வைக்க, நான் உள்ளே குப்புறப் படுத்து, இரண்டு மீட்டர் கம்பியில் தொங்கும் குண்டு எவ்வளவு விலகுகிறது என்று பார்த்தேன். எங்கள் கல்லூரித் துறைத்தலைவரின் கணக்குப்படி எழுபத்தைந்து மில்லிமீட்டர் வரவேண்டும். வந்தது நூற்றுப் பதினொன்று. நான்கு முறை செய்தோம்: 111, 110, 112, 111.

அதாவது படகுக்குத் தலை கனத்திருக்கிறது. லேசாகத் தள்ளினாலே அதிகம் சாய்கிறது. இதன் தலைமேல்தான் படகு முதலாளி ஒரு மாடி கட்டி, இன்னும் நாற்பது இருக்கை போடப்போகிறார்.

"நல்லா எழுதிக்கோ" என்று அளவுகோலிடம் சொன்னேன். (ஆறடி இரண்டங்குலம், ஒல்லி. முதல் வருடத்திலிருந்து அதுதான் பெயர்.) எழுதினான். பார்த்தேன்.

படகை ஓட்டுகிற அத்தான் கரையில் நின்றபடி கேட்டார்: "என்ன என்ஜினியரம்மா, என் படகுக்கு ஜுரமா? இப்படிப் படுத்துப் பாக்குறே?"

ஜூலை 12, வெள்ளி

அறிக்கை கையெழுத்துக்கு வந்தது. ஏழாம் பக்கத்தில் எழுபத்தெட்டு.

எழுபத்தெட்டு! என் நூற்றுப் பதினொன்று எங்கே போயிற்று? விருந்துக்குப் போயிற்றா?

நேராகத் துறைத்தலைவர் அறைக்குப் போனேன்.

"காத்தடிச்சுதும்மா, ஊசல் ஆடிச்சு. திருத்தம் போட்டிருக்கேன்."

"சார், குண்டு தண்ணித் தொட்டிக்குள்ள இருந்துச்சு. ஆடவே இல்ல."

"நீ இதுவரைக்கும் எத்தனை சோதனை பாத்திருக்கே?"

"ஒண்ணு."

"நான் நாப்பது."

கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். கதவைச் சாத்தினேன். கொஞ்சம் பலமாகத்தான்.

ஜூலை 13, சனி

நூலகத்தில் அந்தப் படகின் மூல வரைபடத்தைத் தேடி எடுத்தேன். பதினாறு வருடப் பழசு. கீழ்மூலையில், வரைந்தவர் கையெழுத்து. நம் துறைத்தலைவரேதான்!

தலைக்கனம் படகுக்கு மட்டுமில்லை.

ஜூலை 15, திங்கள்

அளவுகோல் கேன்டீனில் தானாகவே வந்து உட்கார்ந்தான். "நோட்டை நான்தான் மாத்தி எழுதினேன். வேலைக்கு அவர் லெட்டர் குடுக்கணும். உனக்கென்ன, நீ கோவத்தை வச்சே பொழச்சுக்குவே."

எழுந்து கன்னத்தில் ஒன்று விட்டிருக்கலாம். எட்டியிருக்காது.

ஜூலை 17, புதன்

கையெழுத்துப் போடாதவர்களுக்கு ப்ராஜெக்ட் மதிப்பெண் இல்லை என்று பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். "போடாதவர்கள்" என்று பன்மை வேறு. மற்ற நால்வரும் போட்டாயிற்று. மிச்சம் நான் ஒருத்திதான். மரியாதைப் பன்மை போலிருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போயிருக்கவே கூடாது. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அக்கா சொன்ன முதல் வார்த்தை: "மாடி கட்டினாத்தான் இவரை நிரந்தரமாக்குவேன்னு முதலாளி சொல்லியிருக்கார். தெரியுமில்ல உனக்கு?"

தெரியாது. எனக்கு யார் சொன்னார்கள்?

அத்தான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "பதினோரு வருஷமா ஓட்டுறேன். ஒரு புள்ளைக்குச் செருப்பு நனைஞ்சதில்ல. நீ ஒரு நாள் படுத்துப் பாத்துட்டு, கவுந்துடும்ங்கிறே."

"காலைல பள்ளிக்கூடப் பிள்ளைங்க மொத்தமா ஒரே பக்கம் ஓடுவாங்களே, அத்தான். மேல நாப்பது பேர் இருக்கறப்ப ஓடினா? அப்ப யாரைக் கேப்பீங்க?"

கத்திவிட்டேன். பக்கத்து வீட்டில் ஜன்னல் திறந்தது.

அக்கா என் பையை எடுத்துக் கையில் கொடுத்தாள். "கிளம்பு."

பேருந்தில் நின்றபடியே அழுதேன். துக்கம் இல்லை இது. ஆத்திரம் வந்தாலும் எனக்குக் கண்ணில்தான் வருகிறது, என்ன செய்ய?

ஜூலை 25, வியாழன்

மறுசோதனை கேட்டுக் கல்லூரியில் மூன்று பேரைப் பார்த்தேன். மூவரும் துறைத்தலைவரைக் கேட்கச் சொன்னார்கள்.

இன்னொரு வழி இருக்கிறது. எடையும் வேண்டாம், ஊசலும் வேண்டாம். அமைதியான தண்ணீரில் காலிப் படகை ஆட்டிவிட்டு, ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்பிவர எத்தனை வினாடி என்று எண்ணினால் போதும். வரைபடம் சரியென்றால் ஐந்து வினாடி. என் அளவு சரியென்றால் ஆறுக்கும் மேல். தலைகனத்த படகு நிதானமாகத்தான் நிமிரும்.

ஆனால் என்னைப் படகில் ஏற்றக்கூடாதென்று முதலாளி உத்தரவு. அத்தானுக்கு இதைப் போனில் எழுதி அனுப்பினேன். படித்துவிட்டார். பதில் இல்லை.

போகட்டும். எல்லாரும் போகட்டும்.

ஜூலை 29, திங்கள்

கல்லூரி வாசலில் அத்தான் நின்றார். வேலைச் சட்டையோடு, முகம் உர்ரென்று.

"இந்தா." நான்காக மடித்த தாள். "மூணு நாள் எடுத்தேன், காலைல முதல் நடைக்கு முன்னாடி. நாலு ஆட்டத்துக்கு இருபத்தஞ்சு செகண்டு. ஒரு நாள் இருபத்தாறு."

"அத்தான்..."

"பேசாதே. உன்மேல கோவம் இன்னும் தீரல." ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "திரும்பறப்ப அது நிமிர யோசிக்கும். ரொம்ப வருஷமாத் தெரியும். யாரும் கேக்கல. நானும் சொல்லல."

தாளின் அடியில் முழுப்பெயர், ஓட்டுநர் உரிம எண், கையெழுத்து எல்லாம் போட்டிருந்தார். வேலை போகும் என்று தெரிந்தே போட்டிருக்கிறார்.

நன்றி சொல்லியிருக்க வேண்டும். "இத்தனை வருஷம் ஏன் சொல்லல?" என்றுதான் வாயில் வந்தது. அதற்குள் ரோட்டைக் கடந்துவிட்டார்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

என் அளவுகளையும் அவர் தாளையும் படகு உரிம அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். உறையில் முகவரியை மூன்று தடவை தப்பாக எழுதினேன். பயமில்லை, கோபம். சரி, பயமும்தான்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மறுசோதனை. உரிம அலுவலகத்திலிருந்து வந்த ஆய்வாளர் அம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே குப்புறப் படுத்தார். யாரையும் அளவு எடுக்க விடவில்லை. 109, 112, 110.

துறைத்தலைவர் தொண்டையைச் செருமினார். "வருஷா வருஷம் பெயின்ட் மேல பெயின்ட் அடிக்கறாங்க மேடம். எடை கூடத்தானே செய்யும்?"

"போன மாசம் எழுபத்தெட்டு சார். ஒரு மாசத்துல எத்தனை கோட் அடிச்சாங்க?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

மாடிக்கு அனுமதி இல்லை. அடியில் இரும்புக்கட்டி போட்டு நிலைநிறுத்தும்வரை படகும் ஓடக்கூடாது. அதுவரை அத்தானுக்கு வேலை இல்லை. அப்புறமும் உண்டா என்று முதலாளி சொல்லவில்லை.

ஜெயித்துவிட்டேன். அக்காவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை.

செப்டம்பர் 4, புதன்

ப்ராஜெக்ட்டில் நூற்றுக்கு ஐம்பது. ஒரு மதிப்பெண் குறைந்தால் ஃபெயில், துறைத்தலைவர் அளந்து போட்டிருக்கிறார். அளவெடுக்கத் தெரியாதவர் என்று இனி சொல்ல முடியாது.

கல்லூரிச் செய்திமடலில் அவர் படம்: "நமது துறையின் விழிப்பால் விபத்து தவிர்ப்பு." சுக்குநூறாகக் கிழிக்கப் போனேன். பின்பக்கத்தில் தேர்வு அட்டவணை. மடித்து வைத்தேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று படகு மறுபடி ஓடியது. அடியில் ஆறு டன் இரும்பு. எங்கே வைப்பது என்ற கணக்கை ஆய்வாளர் அம்மாள் என்னையும் போடச் சொல்லி, தன்னுடையதோடு ஒப்பிட்டுத் தலையாட்டினார். ஓட்டியது அத்தான்தான். முதலாளிக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. நிரந்தரம் பற்றிப் பேச்சே இல்லை.

படகுத்துறையில் அக்கா, மகளைக் கையில் பிடித்தபடி நின்றாள். எட்டு வாரமாக என்னோடு பேசாதவள். என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "எந்தப் பக்கம் உக்காரணும்? சொல்லிடு. அப்புறம் கணக்கு தப்பாப் போச்சுன்னு எங்களைச் சொல்லாதே."

"எந்தப் பக்கம் வேணும்னாலும், அக்கா."

ஏறிப்போய் ஜன்னலோரம் மகளை வைத்து, தான் நடுவில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்தாள். ஒருவர் அங்கே உட்கார வந்தார்.

"ஆள் வருது" என்றாள்.