அம்மாவின் தலைவலியும் உன் கல்யாணப் பேச்சும்

மண்டி மொஹல்லா, மைசூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் தருண்குமாருக்கு அப்பா எழுதிக்கொள்வது. ரோட்டர்டாம் குளிரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க மாதேஸ்வரன் துணை இருக்கட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத முடியவில்லை, அதனால்தான் இந்தக் கடிதமே. போனில் பேசலாமே என்பாய். நான் பேச வாயெடுத்தால் உன் அம்மா பக்கத்தில் இருக்கிறாள், அவள் தூங்கும் நேரத்தில் உனக்கு மீட்டிங் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதிப் பார்த்தேன், கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. என்ன அர்த்தம் அதற்கு, படித்தாய் என்றா, பேசாதே என்றா? தபாலில் வந்தால் பிரித்தாவது பார்ப்பாய். கன்னடப் பள்ளியில் படித்தவன் நீ, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். மெதுவாகவே படி. அவசரமாகப் படிக்கிற விஷயம் இல்லை இது.

போன வருஷம் அம்மாவுக்கு வாய் கோணி, வலது கை விழுந்தபோது லீவு போட்டு ஓடி வந்தாய். பிரஷர் இல்லை, சுகர் இல்லை, ஐம்பது வயதில் இப்படி எப்படி என்று நீதான் டாக்டர் நிர்மலாவைக் கேட்டாய். பதில் நீ போன பிறகு வந்தது. நான் சொன்னேன், நீ ஓ அப்படியா என்றாய். காதில் ஏறியதா என்று தெரியாததால் திரும்ப எழுதுகிறேன். காடசில் என்று அதற்குப் பெயர். அம்மாவின் தலை ஸ்கேனில் வயதுக்கு மீறி வெள்ளைத் திட்டுகள் இருந்தன. மூளைக்குள் போகும் மயிரிழை போன்ற இரத்தக் குழாய்களின் சுவர் தடித்து இறுகிப்போய்விட்டதாம். மூளைக்குக் கூடுதலாக இரத்தம் வேண்டும் என்றால் அந்தக் குழாய்கள் விரிந்து கொடுக்க வேண்டும், இவளுக்கு விரிவதில்லை. உடம்பில் நீர் வற்றினாலோ, பிரஷர் திடீரென்று இறங்கினாலோ உள்ளே இருக்கும் இடங்கள் காய்ந்துபோகும் என்றார். பரம்பரையாக வருவது, பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சரி, மருந்து என்ன என்று கேட்டால், இரத்தம் கட்டாமல் இருக்க ஒரு மாத்திரை தருகிறேன், நிறையத் தண்ணீர் குடிக்கட்டும், பட்டினி கிடக்கக் கூடாது, நோயை நிறுத்த இன்னும் எதுவும் வரவில்லை என்கிறார். நோய்க்கு இவ்வளவு நீளமாக விளக்கம் சொல்லத் தெரிந்தவர்களுக்கு வைத்தியம் ஒன்று கண்டுபிடிக்கத் தெரியவில்லையா என்று நான் கத்தியே விட்டேன். டாக்டரம்மா கோபிக்கவில்லை. அவருக்குக் கூடப்பிறந்த தம்பி இருந்தால் அவருக்கும் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொன்னார்.

அங்கேதான் ஆரம்பித்தது வினை. உன் மாமன் சுரேந்தரிடம் சொல்ல அவன் ஊர் கௌதள்ளிக்கே போனேன். முழுதாகக் கேட்டுக்கொண்டான். எங்கள் வம்சத்தில் அப்படியெல்லாம் கிடையாது, அக்காவுக்கு எவனோ செய்வினை வைத்திருக்கிறான் என்றான். அவர்கள் அப்பா கடைசி நாலைந்து வருஷம் படுக்கையில் கிடந்ததும், பேச்சு குழறியதும், சம்பந்தமில்லாமல் அழுததும் ஊருக்கே தெரியும். அதைச் சொன்னால் அது வாயுவாம். அடுத்த வாரமே இங்கே வந்து, அக்கா முன்னால் உட்கார்ந்து, தன் மகள் அஷ்வினிக்கு உன்னைக் கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவனை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய் இது என்ன என்று கேட்டேன். “வெளியில குடுத்தாத்தானே மச்சான் நாலு பேருக்குச் சொல்லோணும்? தருணுக்கே கட்டி வெச்சுட்டா வீட்டுக்குள்ளயே முடிஞ்சு போச்சுங்க” என்றான். நோயை மறைக்க நோய்க்குள்ளேயே சம்பந்தம்! இரண்டு பேருக்கும் இருந்துவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குத் தப்பிக்க நாலில் ஒரு பங்குதான் வழி என்று எவ்வளவோ சொன்னேன். முறைப்பெண்ணைக் கட்ட முறை பார்த்தால் போதும், ஸ்கேன் எதற்கு என்கிறான். உன் அம்மாவோ தம்பி கேட்டதும் சந்தோஷத்தில் கண்ணில் நீர் விட்டாள். அன்றைக்கே உனக்குப் போன் போட்டாள். நீ என்ன சொன்னாய்? உங்க இஷ்டம்மா என்றாய். தருண், எந்த நேரத்தில் அந்த வார்த்தையைச் சொன்னாயோ, அதைப் பிடித்துக்கொண்டு அவள் நிச்சயத்துக்கே நாள் பார்க்கச் சொல்லிவிட்டாள். அம்மாவைச் சமாதானப்படுத்தச் சொன்னாயா, மனசாரச் சொன்னாயா, இல்லை லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாயா?

அதோடு நின்றதா? நிச்சயத்துக்கு முன்னால் தோஷம் கழிய வேண்டும் என்று, நான் பேக்டரியில் ஷிப்டில் இருந்த நேரம் பார்த்து, சுரேந்தர் உன் அம்மாவை மாதேஸ்வரன் மலைக்குப் பாதயாத்திரை கூட்டிக்கொண்டு போய்விட்டான். கௌதள்ளியிலிருந்து நடை. விரதம் என்று சோறு இல்லை, மலை ஏறி முடிக்கும்வரை தண்ணீரும் தொடுவதில்லை என்று வேண்டுதல், மாத்திரையைக்கூட வாயில் போடவில்லை. வெயிலில் பாதி வழியில் கால் துவண்டு விழுந்திருக்கிறாள். கொள்ளேகாலம் ஆஸ்பத்திரியில் காட்டி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் இங்கே கொண்டுவந்தார்கள். சின்ன மயக்கம் என்று உன்னிடம் சொன்னோம். மயக்கம் இல்லை, இரண்டாவது ஸ்ட்ரோக். இனி உன்னிடம் பொய் சொல்வதாக இல்லை. மாதேஸ்வரனை நான் குறை சொல்லவில்லை, தண்ணீர் குடிக்காமல் வா என்று அவன் யாரையும் கேட்டதில்லை.

இப்போது அம்மா நடக்கிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. பேச்சும் ஓரளவு வந்துவிட்டது. ஆனால் தானாக எதையும் தொடங்குவதில்லை. மண்டி மார்க்கெட்டில் வெங்காயக்காரனைப் பேரம் பேசியே அழவைத்தவள், காப்பியை முன்னால் வைத்தால் ஆறிப்போகும்வரை பார்த்துக்கொண்டே இருக்கிறாள். டிவி ஓடாவிட்டாலும் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். சோம்பல் இல்லை, நோய் செய்கிற வேலை என்று டாக்டர் சொன்னது எனக்குப் புரிகிறது, புரிந்தும் எரிச்சல் வருகிறது, அவள் மேலே கத்திவிட்டுப் பின்கட்டுக்குப் போய் நிற்கிறேன். பக்கத்து வீட்டு கௌரம்மா தினம் வந்து எல்லா சரி ஹோகுத்தே பிடி அண்ணா, எல்லாம் சரியாகிவிடும் என்கிறாள். நல்ல மனசு. ஆனால் அதைக் கேட்டால்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

இந்தக் கூத்தில் புத்தியோடு நடந்துகொண்டது ஒரே ஒரு ஆள், அது அஷ்வினி. இங்கே ஹாஸ்டலில் தங்கித் துணிக்கடையில் பில் போடுகிறாள் அல்லவா, ஆஸ்பத்திரிக்கு அவள்தான் முதலில் வந்தாள். அம்மாவுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒற்றைத் தலைவலி, வருவதற்கு முன்னால் கண்ணில் மின்னல் வெட்டும் என்று நான் டாக்டரிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டே நின்றாள். வெளியே வந்ததும், “எனக்கும் காலேஜ் போற நாள்ல இருந்து அப்படித்தாங்க மாமா. வெளிச்சம் கோடு கோடா ஓடும், அப்புறம் தலை வெடிக்கும். மறைக்காம சொல்லுங்க, எனக்கும் வருமா?” என்று கேட்டாள். மறைக்கவில்லை, அந்தத் தலைவலியும் இந்த நோயின் அடையாளமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவள் டாக்டரிடம் தனியாகப் போய் உட்கார்ந்து பேசி, யோசித்துவிட்டு வா என்று அவர் திருப்பி அனுப்பியும், மறுபடி போய் இரத்தம் கொடுத்தாள். அதைப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது. அவளுக்கு இருக்கிறது.

முடிவு கேட்க சுரேந்தரையும் வரச் சொல்லியிருந்தாள். அவன் டாக்டரைப் பார்த்து, அப்ப எங்கிட்ட இருந்துதான் போச்சுங்களா என்று ஒரே கேள்வி கேட்டான். அவர் ஆமாம் என்றார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். திட்டித் தீர்க்க வேண்டும் என்று போனவன் நான், அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். “எங்கப்பனைப் பைத்தியம்னு ஊரே சிரிச்சுது மச்சான். பீ மூத்திரம் அள்ளுனவன் நான். அந்தப் பேரு எம்புள்ளைக்கு வந்துரும்னுதாங்க” என்றான். அஷ்வினி அழவில்லை. தருண் மச்சானைப் பிடிக்காமல் இல்லை, ஆனால் மறைக்கிறதுக்குன்னு ஒரு கல்யாணம் எனக்கு வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட்டு, பிறகு வீட்டுக்கு வந்து உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவளிடமும் சொன்னாள். அம்மா, சரி கண்ணு என்றாள். இப்போது சுரேந்தர் பீடியை விட்டுவிட்டான், அவனும் ஸ்கேன் எடுத்திருக்கிறான். என்னிடம் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, நானும்தான். மலையில் நடந்ததை அவ்வளவு சீக்கிரம் என்னால் மறக்க முடியாது.

அந்தப் பெண் இருபத்து நாலு வயதில் தனியாகச் செய்ததில் பாதியாவது நீ செய். பி.யு.சி. படிக்கும்போது பரீட்சை அறையில் எழுத்து பாதி தெரியவில்லை என்று வந்து படுத்தாயே, அதைப் படிப்புக் களைப்பு என்று விட்டுவிட்டோம். அங்கே ஒரு நரம்பு டாக்டரிடம் அதைச் சொல். உன் நண்பன் போட்ட படத்தில் உன் கையில் சிகரெட் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. இன்றைக்கே விடு, மற்றவர்களுக்கு அது கெட்ட பழக்கம், இந்த நோய் இருந்தால் உனக்கு அது ஸ்ட்ரோக்கைக் கூப்பிடுகிற வேலை. தண்ணீரைக் குடி. அஷ்வினிக்கு ஒரு போன் போடு, இரக்கப்பட்டு இல்லை, மனுஷனாக. இரத்தச் சோதனை செய்துகொள்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம், தெரியாமல் இருக்கவும் உனக்கு உரிமை உண்டு என்று டாக்டர் சொல்கிறார். எனக்கு அது பிடிக்கவில்லை, இருந்தாலும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யோசித்துச் சொல், இஷ்டம்ப்பா என்று மட்டும் சொல்லாதே.

உன் தலை தெளிவாக, காலும் கையும் உன் சொல் கேட்டு, நீ நூறு வயது இருக்க அம்மாவும் நானும் மனசார வாழ்த்துகிறோம். இந்த மாதத்துக்குள் டாக்டரிடம் நேரம் வாங்கிவிடு, ஞாபகம். சோதனை என்று முடிவு செய்தால் அதன் பதிலை நீ அங்கே தனியாக உட்கார்ந்து கேட்கக் கூடாது. நான் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், போலீஸ்காரர் வந்து விசாரித்துவிட்டும் போய்விட்டார். அம்மாவை அஷ்வினி பார்த்துக்கொள்கிறாளாம். விமானத்தில் ஏறியது இல்லை, பாஷையும் தெரியாது, அதெல்லாம் கேட்டுக் கேட்டு வந்துவிடுவேன். தேதி மட்டும் சொல்.

உன் அப்பா,
வேலாயுதம்