பச்சைத் துளிகளும் அக்காவின் எடையும்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. வடாலாவில் ரயில் தாமதம். பெண்கள் பெட்டியில் யாரோ, "அரே, தோடா அந்தர் சரக்கோ நா!" உள்ளே நகர இடம் எங்கே? எல்லாக் குடையும் என் காலில்தான் சொட்டியது.

செம்பூரில் வழக்கம்போல அக்கா வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ரயிலிலிருந்து தெரியாது. தெரிகிற மாதிரி பார்ப்பேன்.

இன்று:
– செல்களுக்குச் சோறு. (பழைய திரவத்தை எடுத்துப் புதுசு ஊற்றுவதை லேபில் இப்படித்தான் சொல்வோம்.)
– பச்சைச் சாயம் தீரப்போகிறது. மேடத்திடம் சொல்ல.
– மைக்ராஸ்கோப் எனக்கு 2 முதல் 5.
– அக்காவுக்கு போன்.

இருட்டறை. ஏசி சத்தம் மட்டும். மார்பகப் புற்றுச் செல்கள், உள்ளே கொழுப்புத் துளிகள் (இனி கொ.து.) பச்சையாக மினுங்கிக்கொண்டு. வேறு இடத்துக்குப் பரவப் புறப்படுகிற செல் முதலில் கொ.து. சேர்க்கிறது. பிறகு ஒவ்வொன்றாக உடைக்கிறது, எரிக்கிறது, அந்தத் தெம்பில், செல் வளரும் டப்பாவில் நாங்கள் வைத்த சவ்வின் ஓட்டை வழியாக நெளிந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது. உடைக்கும் நொதியை மருந்து போட்டுத் தடுத்தால் கொ.து. அப்படியே நிற்கும். செல்லும் உட்கார்ந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை மாதிரி. எல்லாப் புற்றும் இப்படியில்லை, சிலதில் நேர்மாறு என்பார் மேடம். அதைக் கேட்டால் மட்டும் எனக்குத் தூக்கம் வரும்.

சாயங்காலம் அக்கா போனில்: "இன்னைக்கு எப்படிட்டி இருக்கு?"

"ஓடிக்கிட்டேதாங்க்கா இருக்கு. நிக்கவே மாட்டேங்கு."

"சரி, வைக்கேன்." உடனே வைத்துவிட்டாள். என் வேலையைப் பற்றித் தினமும் கேட்பவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

ஜூலை 9, புதன்

மழை விட்டு விட்டு. டப்பாவில் எலுமிச்சை சாதம், பாதிதான் இறங்கியது. காரணம் அத்தானின் போன்.

தாராவியில் தன் கடையில் இருந்து பேசினார். பின்னால் தராசுத் தட்டு சத்தம்.

"உமா, டாக்டர் கண்டிசனா சொல்லிட்டாவ. திங்கக்கிழமை ஒங்கக்காவுக்கு வெயிட்டு பாப்பாவளாம். இன்னும் கொறஞ்சிருந்தா ஊசியத் தள்ளி வைக்கணுமாம்."

"வாந்தி எடுக்காளா அத்தான்?"

"ஒண்ணும் இல்ல. தட்டுல போட்டத ஒதுக்குதா, அவ்வளவுதான். நான் சொன்னா கேக்கவா செய்யுதா? நீ வந்து பேசு."

மார்ச்சில் அக்காவுக்கு மார்பகப் புற்று ஆபரேஷன். கட்டியை எடுத்தார்கள். மிச்சத்தை ஆராய்ச்சிக்குக் கொடுக்கச் சம்மதமா என்று ஒரு காகிதம் நீட்டினார்கள். அக்கா படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். பிறகு நாலு கீமோ ஊசி. இன்னும் இருக்கிறது. இடையில் நிற்கக்கூடாது.

பயமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று எழுதினேன். குறையவில்லை.

ஜூலை 10, வியாழன்

மைக்ராஸ்கோப்பில் மூன்று மணி நேரம் ஒரே ஒரு செல்லின் பின்னால் போனேன். முகமில்லை, ஆனாலும் பழகிவிட்டது. ஒரு கொ.து. மங்குகிறது, அது ஒரு அடி நகர்கிறது. இன்னொன்று. கண் செருகியது. வாஷி பாலத்தில் ரயில் போகும்போது கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகுமே, அப்படி. செல்லுக்குள் நான் இருந்தேனா, ரயிலிலா, தெரியவில்லை. அடுத்த முறைக்காரர் கதவைத் தட்டி, "மேரா டைம் ஹோ கயா" என்றபோதுதான் லேபுக்குத் திரும்பினேன்.

அக்கா போனில் அதே கேள்வி. அதே பதில்.

குடைக்கம்பி சரிசெய்ய. வாங்க: சோப்பு, அக்காவுக்கு நேந்திரங்காய் வறுவல் (மாட்டுங்கா கடைக்குப் போனால்).

ஜூலை 12, சனி

செம்பூர். அக்கா வறுவல் பொட்டலத்தை வாங்கி மேல் தட்டில் வைத்துவிட்டாள். கழுத்தெலும்பு தெரிகிறது. நைட்டி யாருடையதோ போலத் தொங்குகிறது.

எனக்குத் தோசை. தனக்கும் ஒன்று. தன்னுடையதைப் பேப்பரில் போட்டு, மேலே இன்னொரு பேப்பர் வைத்து அழுத்தினாள். அந்தக் கல்லில் எண்ணெய் தடவியதாகவே எனக்குத் தெரியவில்லை. அதிலும் ஒற்றி எடுக்கிறாள்.

"எக்கா, என்ன பண்ணுத?"

"நீதானட்டி சொன்ன. கொழுப்ப ஒடச்சுத் தின்னுட்டுத்தான் அது கெளம்புதுன்னு. நானே அதுக்குக் கட்டுச்சோறு கட்டிக் குடுக்கணுமாக்கும்?"

சொன்னேன். ஏப்ரலில், இதே மேஜையில். போனில் வீடியோ காட்டி, பெரிய மேதாவி மாதிரி. அன்று பூரி. நான் நாலு தின்றேன்.

"தெனமும் ஒங்கிட்ட கேக்கேன்லா. நீ தெனமும் ஓடுதுன்னு சொல்லுத. நானும் கொறச்சுக்கிட்டே வாரேன். அப்பவும் நிக்கலங்குத."

"அது... அது ஒன்னோடது இல்லக்கா!"

"பின்ன? ஆராய்ச்சிக்குன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தேம்லா. ஒங்கிட்டதான வந்திருக்கும்?"

மூன்று மாதமாக ஒவ்வொரு சாயங்காலமும் நான் அவளுக்குச் சொன்னது என்ன? உன் புற்று ஓடுகிறது, நிற்கவில்லை. ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு.

பட்டினி கிடந்தால் உடம்பே தன் கொழுப்பை உடைத்து ரத்தத்தில் விடும். உண்மைதான். வாய் வரை வந்தது. சொன்னால் பயந்துபோய் இரண்டு நிமிடத்தில் சாப்பிட்டிருப்பாள். விழுங்கிவிட்டேன். பாதி உண்மை சொல்லித்தான் இவ்வளவும். இன்னொரு பாதியை வேறு எதற்கு ஏவி விட வேண்டும்?

"எக்கா, ஒன் செல்ல நான் பாத்ததே இல்ல. அது என்ன செய்யும்னு எனக்குத் தெரியாது. நீ என்ன திங்கணும்னு என் லேப் டப்பாவப் பாத்துச் சொல்ல முடியாது. நான் சொன்னது தப்பு."

ஆஸ்பத்திரியில் கொடுத்த சாப்பாட்டுத் தாள் டிராயரில் மடித்தபடி கிடந்தது. நிலக்கடலை, முட்டை, நெய், எல்லாம் அதில் இருக்கிறது. ஃபிரிட்ஜில் ஒட்டினேன்.

அக்கா கிட்டே வந்து அதை வரி வரியாகப் படித்தாள். வெளியே மழை. பிறகு:

"அப்போ அது யாருட்டி?"

"யாரோ ஒரு பொம்பள. வெளிநாட்டுக்காரி. எப்பவோ செத்துப் போயிட்டா, அவ செல்லு மட்டும் லேப்ல வளந்துகிட்டே இருக்கு. நம்பர்தான் தெரியும், பேரு தெரியாது."

"புள்ளைக உண்டுமா?"

"தெரியாதுக்கா."

"தெனமும் அவளத்தான் கேட்டிருக்கேன்."

தோசை ஒற்றிய பேப்பரைக் கசக்கினாள். "நல்லெண்ணெய் அலமாரிக்கு மேல இருக்கு. எடு." அவளே அண்ணாந்து பார்த்தாள், எட்டாத உயரத்தில் அவளே ஒளித்து வைத்ததை. நாற்காலி போட்டு ஏறினேன். கீழே அவள் அழுதாள். மேலே நானும். பாட்டிலில் ஒரே தூசி.

ஜூலை 14, திங்கள்

வெயில்! நம்ப முடியவில்லை. பச்சைச் சாயம் வந்துவிட்டது. மேடம் லீவு.

செல்களுக்குச் சோறு போட டப்பாவைத் திறந்தேன். கொஞ்ச நேரம் சும்மா பார்த்தேன். இத்தனை நாள் இவள் யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

11.40. அத்தான்: "எரநூறு கிராம் கூடிருக்கு உமா! ஊசி ஏறிக்கிட்டு இருக்கு. இந்தா, ஒங்கக்கா பேசணுமாம்."

"ஏட்டி, அந்தப் பொம்பள எப்படி இருக்கா?"

பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

"ஓடிக்கிட்டேதான் இருக்கா, எக்கா."

"ஓடட்டும். எனக்குப் பசிக்கு. கேன்டீன்ல வடை போடுதானாம், அத்தான அனுப்பப் போறேன், வைக்கேன்."