ஒரே சால்வை

திருநகர், மதுரை

அன்புள்ள அப்பாவுக்கு,

சத்யப்ரியா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

சிறையில் நான் நடத்தும் டியூஷனில் நாலு கைதிகள் பத்தாம் வகுப்பு தேறிவிட்டார்கள். பாராட்டு விழாவுக்கு வந்த கப்பலூர் ஆலை முதலாளி கொண்டுவந்தது ஒரே சால்வை. ஒருவனுக்குப் போர்த்திப் போட்டோ எடுத்ததும் அதை உருவி அடுத்தவனுக்குப் போர்த்தினார். கடைசியில் சிறை அதிகாரிகள் அதையே அவருக்கும் போர்த்தி அனுப்பிவைத்தார்கள்.

"எங்காத்தா என்னயப் பாக்க வருது டீச்சர், சால்வய அதுகிட்டக் குடுக்கலாம்னு இருந்தேன்," என்றான் நால்வரில் ஒருவனான அழகுபாண்டி.

நீங்கள் ஓய்வுபெற்றபோது வந்த சால்வைகள் பீரோவில் சும்மாதானே கிடக்கின்றன? நல்லதாக நாலு எடுத்துக்கொண்டு நீங்களே வாருங்கள். ரெண்டு நாள் என்னோடு தங்குங்கள். தனியாகச் சாப்பிட்டு அலுத்துவிட்டது.

பஸ் வந்துவிடும், முடிக்கிறேன். நீங்களே அவர்களுக்குப் போர்த்திவிடுங்கள், அப்பா. போட்டோ வேண்டாம்.

உங்கள் சத்யா