வெள்ளிக்கிழமை லீவு போட்ட கார்

வட்டம் 19, நெய்வேலி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் எழில்மதிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம், காரும் நலம். நீ புனே போன பிறகு இந்த வீட்டில் மூன்றாவது ஆள் அதுதான் என்பதால் அதன் நலத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து, சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் பதினைந்து நாள் முன்பே எழுதியிருக்க வேண்டும், எப்படிச் சொல்வது என்று வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டேன். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போன மாதம் நீ எனக்கு, அப்பா சுகர் டெஸ்ட் எடுத்தாரா இல்லை வழக்கம்போல ஏமாற்றினாரா என்று மெசேஜ் போட்டாய் அல்லவா, அப்போது நான் காரில் இருந்தேன். அந்தக் கார் என் போனை எப்போது பிடித்துக்கொண்டதோ தெரியாது, ரயில் நிலையத்து அறிவிப்புக் குரலில் அதை அப்பா காதுக்கு நேராகவே படித்துவிட்டது. அன்றிலிருந்து ரகசியம் என்றால் எனக்குக் காகிதம்தான்.

சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடித்து அப்பா தூங்கி வழிந்துகொண்டு பைக்கில் வருகிறார் என்று நீதானே அழுது அடம்பிடித்து, முன்னால் ஏதாவது வந்தால் தானே பிரேக் போடும் வண்டியாகப் பார்த்து வாங்க வைத்தாய். அது பிரேக் மட்டுமா போடுகிறது. பண்ருட்டிச் சந்தையில் வாங்கிய பலாப்பழத்தை முன் சீட்டில் வைத்தால் பெல்ட் போடச் சொல்லிக் கத்துகிறது, அப்பா பழத்துக்குப் பெல்ட் மாட்டித்தான் வீடு வந்தார். ரோட்டுக் கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கைத் தானே இழுக்கிறது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை, பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் வாங்கிய இரண்டாவது வாரத்திலிருந்தே ஒரு விசித்திரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் திரையில் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை வரும், முன் கேமரா மறைந்திருக்கிறது, உதவி வசதிகள் இல்லை என்று. ஞாயிறு அப்பா வண்டி கழுவினால் சரியாகிவிடும். மறுபடி வெள்ளி, மறுபடி மஞ்சள். அப்பா நிலக்கரித் தூசி என்றார், பிறகு சாப்ட்வேர் கோளாறு என்றார். அவரோடு ஒரே ஷிப்ட்டில் வந்து போகிற நூருல்லா அண்ணன்தான், "ஏங்க கொளஞ்சி, வெள்ளிக்கிழமை தொழுகைக்கு நான் ஒரு மணி நேரம் பெர்மிஷன் கேட்டா ஆயிரம் கேள்வி கேக்குறீங்க, உங்க காரு வாராவாரம் லீவு போடுது, அதை ஒண்ணும் கேக்க மாட்டேங்கிறீங்க" என்று அப்பாவைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

போன மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, ஷிப்ட் முடிந்து இருவரும் வரும்போது முன்னால் போன லாரி வேகத்தடையில் நின்றுவிட்டது. கார் சத்தமும் போடவில்லை, பிரேக்கும் போடவில்லை. நூருல்லா அண்ணன் "யோவ்!" என்று கத்திய கத்தலில்தான் அப்பா பிரேக்கை மிதித்தாராம். லாரிக்கும் காருக்கும் நடுவே ஒரு சாண். வீட்டுக்கு வந்து அப்பா காரைத் திட்டிய திட்டு இருக்கிறதே, நம் வட்டத்துக்கே கேட்டிருக்கும். காரின் கால் மிதிக்கவில்லை, சரி, உங்கள் கால் என்ன செய்தது என்று கேட்டேன். குளிக்கப் போய்விட்டார்.

அந்தக் கோபத்தில் ஞாயிறு வண்டியைக் கழுவக்கூட இல்லை, திங்கட்கிழமை அப்படியே கடலூர் சர்வீஸ் சென்டருக்குப் போனோம். அருள்மொழி என்று ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும், லேப்டாப்பை மாட்டி ஏதோ பார்த்தாள். பிறகு காரின் முன்கண்ணாடியின் மேல்பக்கம் நடுவில் விரலால் தொட்டாள், முகர்ந்து பார்த்தாள், திரும்பி என் நெற்றியைப் பார்த்தாள். எழில், எனக்கு உயிரே போய்விட்டது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றிவிட்டுக் காருக்கும் விபூதி பூசுவது நான்தான். மனிதருக்கு நெற்றி எங்கேயோ அங்கேதானே வண்டிக்கும் என்று கண்ணாடியின் உச்சியில் நடுவாக மூன்று பட்டை, அதன் நடுவே கெட்டியாகச் சந்தனம். அதற்கு நேர் பின்னால்தான் கேமரா இருக்கிறதாம். உள்ளே பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி அந்த இடத்தை மறைப்பதால் ஓட்டும்போது அப்பாவுக்குத் தெரியவில்லை, கழுவும்போது அதைக் கேமராவோடு சேர்த்து நினைக்கவும் இல்லை. ஞாயிறு வரை அது அப்படியே காய்ந்து ஒட்டியிருக்கும். வெளிச்சத்தையும் லென்ஸையும் மூன்று வருஷம் படித்து இயற்பியலில் முதல் வகுப்பு வாங்கியவள் நான், இதை வெளியே சொல்ல முடியுமா. அவருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று பூசியதுதான் அவரைக் காப்பாற்ற வேண்டியதன் கண்ணைக் கட்டிவிட்டது. அருள்மொழி மெதுவாக, "அக்கா, சாமி கும்பிடுங்க, கேமராவை மட்டும் விட்டுடுங்க" என்று சொல்லித் துடைத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வந்த அப்பாவிடம் அப்டேட் போட்டாயிற்று என்று மட்டும் சொன்னாள். தங்கமான பெண்.

அங்கேதான் வினையே. வெள்ளிக்கிழமை வந்தது, மஞ்சள் வரவில்லை, அப்பாவுக்குக் காரின் மேல் பக்தியே வந்துவிட்டது. "இனிமே நான் கண்ணை மூடிகினு வந்தாலும் கொண்டாந்து வூட்ல விட்டுடும்" என்று நூருல்லா அண்ணனிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த நைட் ஷிப்ட் வாரம் வேறு நெருங்கியது. போன ஞாயிறு காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், அப்டேட்டும் இல்லை ஒன்றும் இல்லை, என் விபூதிதான் என்று. திட்டுவார் என்று நின்றேன். காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தார். பிறகு, "பிரபா, உன் விபூதி வண்டியோட கண்ணைத்தான் மறைச்சுது. என் கண்ணை நானேதான் மூடினேன். மைன்ஸ் கேட் தாண்டினதுமே தூங்கிட்டேன்" என்றார். லாரி நின்ற அன்று அவர் காரை அவ்வளவு திட்டியது அதை மறைக்கத்தான்.

உன்னோடு சேர்ந்து எடுத்து பீரோவில் வைத்த லைசென்ஸை அன்றே வெளியே எடுத்தேன். இந்த வாரம் முழுக்கக் காலை ஆறு மணிக்கு மைன்ஸ் கேட்டில் காரோடு நின்றது நான்தான், உன் போனில் கார் இருக்கும் இடம் தெரிந்து நீ பயந்திருந்தால் அது திருடன் இல்லை, உன் அம்மா. முதல் நாள் ஸ்டியரிங்கைக் கையால் பிடி, கையால் பிடி என்று கார் கத்திக்கொண்டே வந்தது. நான் பயத்தில் அசையாமல் பிடித்திருந்ததால் கையே இல்லை என்று நினைத்துக்கொண்டதாம், லேசாக ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று பின் சீட்டிலிருந்து நூருல்லா அண்ணன் சொல்லிக்கொடுத்தார். ஆட்டினேன், உடனே எனக்குத் தூக்கம் வருகிறது என்று காப்பிக் கோப்பைப் படம் போட்டது. "தங்கச்சி, இத்த திருப்திப்படுத்தவே முடியாது" என்றார் அண்ணன். அப்பா மட்டும் பக்கத்து சீட்டில், பலாப்பழம் மாதிரி பெல்ட் மாட்டிக்கொண்டு, வாயைத் திறந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தார். வளைவுகளில்கூட எழவில்லை.

மெசேஜை உரக்கப் படிப்பதை எப்படி நிறுத்துவது என்று எனக்கு எழுதி அனுப்பு, எழுதி, மெசேஜில் அல்ல. சுகர் டெஸ்ட் எடுத்துவிட்டார், பயப்படும்படி இல்லை. எல்லாக் கடவுளும் உனக்குத் துணையிருந்து, எடுத்த வேலை ஜெயித்து, தீர்க்காயுசாய் இரு. விபூதி இப்போது வெள்ளிக்கிழமை மட்டும் இல்லை, தினமும் அப்பா ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது அவர் நெற்றியில்தான். நேற்று பூசும்போது கண்ணைச் சிமிட்டிக்கொண்டு, "பாத்து, என் கேமராவை மறைச்சிடாத" என்றார்.

இப்படிக்கு,
உன் அம்மா, இப்போது டிரைவரும்,
கொ. பிரபாவதி