கரைந்துபோன புளியங்கொட்டைத் தாளும் காவலர் சேட்டுவின் வேலையும்

அனுப்புநர்:
கோ. அருணா,
அத்திக்கொல்லை கிராமம்,
ஜவ்வாது மலை,
திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு உதவி இயக்குநர் அவர்கள்,
பேரூராட்சிகள் துறை, மண்டல அலுவலகம்,
வேலூர்.

பொருள்: என்னிடம் பறிமுதல் செய்த உணவு உறைத்தாள் காணாமல்போனதாகக் கூறி, கொன்றைமேடு பேரூராட்சிக் காவலர் சேட்டுவை வேலையிலிருந்து நிறுத்தியது – தாள் திருட்டுப்போகவில்லை, கரைந்துபோனது – அவரை மீண்டும் வேலையில் சேர்க்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா, வணக்கம்.

1. நான் மேற்படி கிராமத்தில் தனியாக வசிக்கிறேன். புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி அரைத்து, அந்த மாவைக் கடுக்காய்ச் சாறும் கொஞ்சம் கிளிசரினும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி உலர்த்தினால் கண்ணாடிக் காகிதம் போல மெல்லிய தாள் கிடைக்கும். அதில் சாமை அதிரசத்தைச் சுற்றி வைத்தால் கடுக்காயின் குணத்தால் எண்ணெய்ச் சிக்கு வாடை சீக்கிரம் ஏறாது, பூஞ்சையும் எளிதில் பிடிக்காது. ஆனால் இந்தப் பவுசு எல்லாம் ஈரம் படாத வரைதான். தண்ணீரில் ஊறினால் கஞ்சியாகிவிடும்.

2. இதை ஊர்ப் பெண்கள் ஒரு குழுவாகத்தான் கற்றுக்கொண்டோம். பயிற்சி கொடுத்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு குழுவில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராகத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். கடைசியில் என்னோடு மிஞ்சியிருந்த ரம்யாவும் போய்விட்டாள். இப்போது கிண்டுவதும் நான், ஊற்றுவதும் நான், நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லிக்கொள்வதும் நானேதான்.

3. கடந்த ஆடி மாதம் கொன்றைமேடு சந்தையில், தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் என்று சொல்லி, நான் விற்கக் கொண்டுபோன ஒரு சாக்கு நிறையத் தாளைப் பேரூராட்சியினர் பறிமுதல் செய்தார்கள். தண்ணீரில் ஊறவைத்துக் காட்டுகிறேன் என்றேன். அதுவரை காத்திருக்க அவர்களுக்கு நேரமில்லை. பக்கத்தில் நின்ற மாட்டுக்கு ஒரு தாளை நீட்டினேன், அது ஆசையாகத் தின்றது. “மாடு பிளாஸ்டிக்கும்தாம்மா துன்னுது” என்றார் துப்புரவு ஆய்வாளர். அவர் சொன்னதும் உண்மைதானே!

4. அன்று முதல் சந்தைக்கு இறங்கும்போதெல்லாம் சாக்கைத் திருப்பிக் கேட்டு அலுவலகத்துக்குப் போனேன். பரிசோதனை அறிக்கை வரவில்லை, அடுத்த வாரம் வா என்பார்கள். வாசலில் இருந்த காவலர் சேட்டு அண்ணன் மட்டும், “வந்துட்டியா? குந்தும்மா. சாப்ட்டியா?” என்று கேட்பார். தன் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு அவர் படியில் உட்கார்ந்துகொள்வார். இதையெல்லாம் மனுவில் எழுதலாமா என்று எனக்குத் தெரியவில்லை ஐயா. ஆனால் வாரம் முழுவதும் என்னை வேறு யாரும் கேட்காத கேள்வி அது. சாக்குக்காகப் போகிறேனா அந்தக் கேள்விக்காகப் போகிறேனா என்று சில வாரம் எனக்கே சந்தேகம் வந்ததுண்டு.

5. ஐப்பசி மழையில் அலுவலகச் சாமான் அறையின் கூரை ஒழுகி, தண்ணீர் நேராக என் சாக்கில் இறங்கியிருக்கிறது. கூரை ஒழுகுவதைச் சேட்டு அண்ணன் முன்பே உள்ளே சொல்லியிருக்கிறார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த முறை நான் போனபோது, “உன் சரக்கு கஞ்சியா ஓடிச்சும்மா. ரூம் பூரா பிசுபிசுன்னு. நான்தான் பக்கெட்டு பக்கெட்டா தண்ணி ஊத்திக் கழுவி வுட்டேன்” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பாடுபட்டது சாக்கடையில் போனதற்கு யாராவது சிரிப்பார்களா? ஆனால் ஒருவர் சொல்லி நான் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

6. பிறகு சாமான் அறையைச் சரிபார்த்தவர்கள், சாக்கு வெறுமையாக இருப்பதைப் பார்த்துவிட்டு, “பிளாஸ்டிக் எங்கய்யா கரையும்? நீதான் வித்துட்ட” என்று சொல்லி அவரை இனி வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்; இந்த வாரச் சந்தையில்தான் இதைக் கேள்விப்பட்டேன். தாள் பிளாஸ்டிக், பிளாஸ்டிக் கரையாது, ஆகவே சேட்டு திருடினார் என்கிறார்கள். தப்பு அந்த முதல் வாக்கியத்திலேயே இருக்கிறது ஐயா. அவர் தினக்கூலிக்காரர். மனைவி சகிலாவின் மருந்துச் செலவும் வீட்டுச் சாப்பாடும் அந்தக் கூலியில்தான் நடக்கின்றன. என் தாளால் அவருக்குத் திருட்டுப் பட்டம் வந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை.

7. இத்துடன் அதே பக்குவத்தில் செய்த தாள் ஒன்றை இணைத்துள்ளேன். தங்கள் மேசையிலேயே ஒரு டம்ளர் வெந்நீரில் போட்டு வையுங்கள். மறுநாள் அது தாளாக இருந்தால் என்மீது நடவடிக்கை எடுங்கள். கஞ்சியாகியிருந்தால் சேட்டு அண்ணனைத் திரும்பக் கூப்பிடுங்கள். என் சரக்குக்கு நஷ்டஈடு கேட்கவில்லை. அந்தப் பிளாஸ்டிக் வழக்கை எப்போது வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள், அது காத்திருக்கும். நான் இதை எழுதுவது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் உனக்கு எதற்கு இந்த வம்பு என்று திட்டுவார்.

8. போன வாரம் வழக்கம்போல அலுவலகத்துக்குப் போனேன். நாற்காலியில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். “யாரும்மா நீ? இன்னா வோணும்?” என்று கேட்டார். சாக்கு கரைந்துபோன பிறகு அங்கே எனக்கு என்ன வேலை? அப்படியே பஸ் ஏறி மலைக்கு வந்துவிட்டேன். அவர் கேட்டதற்கு இப்போது எழுத்தில் சொல்கிறேன் ஐயா: எனக்குச் சேட்டு அண்ணன் அந்த வாசலில் இருக்க வேண்டும்.

இடம்: அத்திக்கொல்லை
நாள்: 28.11.2024

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
கோ. அருணா

இணைப்பு: புளியங்கொட்டைத் தாள் ஒன்று. (சோதித்துப் பார்க்கும்வரை மழையில் நனையாமல் வைக்கவும்.)