எருமையின் முன்னங்கால்

ஜூன் 3, செவ்வாய்

பழைய இரும்புக் கடையிலிருந்து ஆக்சில், முன்சக்கரம் இரண்டையும் தாங்குகிற இரும்புக் குழாய், வந்து இறங்கியது. என் பிக்கப்பில் முன்னால் இருப்பதைவிட நல்ல தடிமன். கறுப்பு நிறம், மந்த நடை என்பதால் வண்டிக்கு எருமை என்று பெயர். இந்த ஆக்சிலை மாட்டிவிட்டால் கல்லிலும் குழியிலும் எருமையின் முன்னங்கால் உடையாது. ஜூலை ஆறாம் தேதி, கரடுமுரடான இடங்களில் வண்டி ஓட்டுகிற கிளப்காரர்கள் கல்குவாரியில் பாறைமேல் வண்டி ஏற்றுகிறார்கள். என் பெயரைக் கொடுத்துவிட்டேன். நான் ஓட்டப்போகிறேன். நான்.

அண்ணன் ஆக்சிலைத் தட்டிப் பார்த்தான். "நல்ல சரக்குதான். அன்னைக்கு எப்படி ஏத்தறேன் பாரு" என்றான். யார் ஏத்தறது? கேட்க வாய் வரவில்லை. இரும்பு கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற பட்டறை அவனுடையது, எருமை அங்கே ஓரமாக நிற்கிறது, அதனால் சாவியும் அவன் இடுப்புக் கொத்தில். வண்டியை வாங்கியவள் நான். என் வண்டியை எடுக்க "அண்ணா, சாவி" என்று போய் நிற்கிறவளும் நான்.

ஜூன் 7, சனி

நான் ஓட்டுகிற ரொட்டிக் கம்பெனி வேனை விட்டுவிட்டு நேரே பட்டறைக்குப் போனேன். ஆக்சிலுக்குள் இருந்த பழைய கிரீஸை வழித்தெடுத்து, புது பேரிங் எல்லாம் சரிபார்த்து வைத்தேன். இனி அதன் முதுகில் நீளமாக ஒரு தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும், கல்லில் மோதினாலும் வளையாமல் இருக்க. ஆனால் அவசரப்பட்டால் அந்தச் சூடே ஆக்சிலை வளைத்துவிடும். அதனால் எந்த இடத்துக்குப் பிறகு எந்த இடம் என்று சாக்பீஸால் எண் போட்டு வைத்தேன்.

அண்ணனிடம் தெளிவாகச் சொன்னேன். "ஒரு தடவைக்கு நாலு விரல் அகலம்தான் வைக்கணும். கை வைக்கிற அளவுக்கு ஆறணும். அப்புறம் அந்தக் கோடியில."

"எனக்கே வெல்டிங் பாடமா? சரி தாயே."

"அடுத்த ஞாயிறு. நானும் கூட இருக்கும்போது."

"சரிங்கறேன்ல."

ஜூன் 11, புதன்

அடப்பாவி.

ஜூன் 12, வியாழன்

நேற்று ஒரு வார்த்தைக்கு மேல் எழுத முடியவில்லை. இன்று முடிகிறது.

நேற்றுப் பட்டறைக்குப் போனால், அண்ணன் வெல்டிங்கை முடித்தே வைத்திருந்தான். "வேலை இல்லாம சும்மா இருந்தேன், ஒரே இழுப்புல அடிச்சிட்டேன். எப்படி இருக்கு?" என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். பார்க்க அவ்வளவு அழகு, ஒரு பிசிறு இல்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

நேர்க்கம்பி ஒன்றைச் சக்கரம் மாட்டுகிற முனையிலிருந்து குழாய்க்குள் விட்டேன். நடுவில் இருக்கிற பல்சக்கரத்தின் துளைக்குள் நேராகப் போய் நுழைய வேண்டும். நுழையவில்லை, இடித்துக்கொண்டு நின்றது. மறுபக்கமும் அதே கதை. இரண்டு முனையும் மேலே தூக்கிக்கொண்டிருக்கின்றன. இப்படியே மாட்டினால் உள்ளே சுற்றுகிற தண்டு, ஆயில் ஒழுகாமல் அடைக்கிற சீலைத் தின்றே தீர்க்கும்.

"நான் போட்ட நம்பர் எங்கண்ணா?"

"அழுக்கா இருந்துச்சு. துடைச்சிட்டேன்."

துடைச்சிட்டானாம்!

"ரெண்டு நூல் வித்தியாசத்துக்கு இவ்ளோ ஆட்டமா? கேட் வளைஞ்சா நாலு தட்டு தட்டினா சரியாப் போகுது." இது கேட்டா? கேட் கல்லில் ஏறுமா? கேட்டுக்குள் ஆள் உட்கார்ந்து போவாங்களா?

அண்ணி வந்து, "உனக்கு உதவி பண்ணத்தானே போனாரு, விடேன்" என்றாள். யார் கேட்டாங்க இந்த உதவியை? வேண்டாம், காத்திரு என்று வாய் வலிக்கச் சொன்ன பிறகு செய்வதற்குப் பெயர் உதவியா? என் பேச்சு அவன் காதில் ஏறவே இல்லை. அதுதான் எரிகிறது. இரும்பு வளைந்தது அதற்கு அப்புறம்தான்.

ஜூன் 13, வெள்ளி

பட்டறைப் பக்கமே போகவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

கிளப் செயலாளர் போன் செய்தார். "உங்க பேரை எடுத்துட்டு அண்ணன் பேரைப் போட்டுடட்டுமா? குவாரியில தான்தான் ஓட்டறதா சொல்லிட்டிருந்தாரு."

"என் பேரு அங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டு, போட்ட செருப்போடு பட்டறைக்குப் போனேன்.

"நீ கல்லுல ஓட்டினதில்லையே. அந்தப் பயத்துல சொன்னேன்" என்றான்.

"நீ ஓட்டியிருக்கியா?"

எங்கே ஓட்டியிருக்கப் போகிறான்? பட்டறைச் சந்தில் ரிவர்ஸ் எடுக்கவே பின்னால் ஒரு ஆள் நிற்க வேண்டும் அவனுக்கு. நான் விடிந்தால் வேனும் கையுமாக இருக்கிறவள். கையை நீட்டினேன். "சாவி."

கொத்திலிருந்து கழற்ற வெகுநேரம் எடுத்துக்கொண்டான். மேசைமேல் வைத்தான். கையில் தரவில்லை. நானே எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

அவனாகத்தான் கூப்பிட்டான். "அடிப்பக்கம் வெல்டிங் வெச்சா அதே சூடு முனையைக் கீழ திருப்பி இழுக்கும். வர்றியா?" எனக்கும் அது தெரியும். ஆனால் வெல்டிங்கில் அவன் கைச்சுத்தம் எனக்கு வராது. அது வேறு எரிச்சல்.

நான் கம்பியோடு, அவன் வெல்டிங் கைப்பிடியோடு. நாலு விரல் அகலம், பிறகு ஆறவிடுவது, பிறகு கம்பி விட்டுப் பார்ப்பது. "இன்னும்", "போதும்" தவிர நான் வாயைத் திறக்கவில்லை. பாதி வேலையில் முகமூடியைத் தூக்கிவிட்டு, "அடுத்தது எங்க?" என்று கேட்டான். காட்டினேன். அங்கேதான் வைத்தான்.

இருட்டுவதற்குள் கம்பி இரண்டு பக்கமும் இடிக்காமல் உள்ளே போனது. நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

ஜூலை 6, ஞாயிறு

அந்த ஆக்சிலை மாட்டிய எருமையை நானே குவாரிக்கு ஓட்டிப் போனேன். கடைசி ஏற்றம், இடுப்பளவு கல். அண்ணன் ஜன்னலைத் தட்டினான். "இந்த ஒரு இடத்துக்கு மட்டும் இறங்கு. நான் ஏத்தித் தர்றேன்." கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

முதல் தடவை வழுக்கிப் பின்னால் வந்தது. இரண்டாவது தடவையும். மூன்றாவதில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றது, இன்னொன்று கல்லைக் கவ்வியது. எருமை முனகிக்கொண்டே ஏறிவிட்டது. இறங்கிக் கீழே குனிந்து பார்த்தேன். ஒரு சொட்டு ஆயில் ஒழுகவில்லை. அழுகை வந்தது, தூசி என்று துடைத்துக்கொண்டேன்.

செயலாளர் ஓடிவந்து அண்ணன் கையைப் பிடித்து, "கலக்கிட்டீங்க!" என்றார். அவனும் குலுக்கிக்கொண்டு நிற்கிறான்! திரும்பி வரும்போது வழியெல்லாம் திட்டினேன். கேட்டுக்கொண்டே வந்தான்.

ஜூலை 9, புதன்

காலையில் அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து, கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"எருமை சாவி தர்றியா? ஒரு கேட் கொண்டுபோய் இறக்கணும்."

"எப்ப வரும்?"

"மத்தியானத்துக்குள்ள."

"கழுவிட்டுக் கொண்டு வா."

கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்திலிருக்கிற பட்டறைச் சந்திலிருந்து ஹாரன் சத்தம். எட்டிப் பார்த்தால், கேட்டை ஏற்றிய வண்டி குறுக்கே நிற்கிறது. ரிவர்ஸ் எடுக்க ஆள் வேண்டும். போய்ப் பின்னால் நின்றேன்.

"லெஃப்ட்ல ஒடி. இன்னும் ஒடி. போதும், நிறுத்து" என்று கத்தினேன்.

ஒடித்தான். நிறுத்தினான்.